பெல்ஜியம் போய் ரேஸ் ஓட்ட நினைப்பவர்களுக்கு: லைசென்ஸ் முதல் கான்ட்ராக்ட் வரை

ரோடு சைக்கிளிங்கில் புரொஃபஷனல் ஆக வேண்டும் என்று இங்கே யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "பெல்ஜியம் போ." எப்படிப் போவது, என்னென்ன காகிதம் வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். நான் ஒரு சீசன் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஓட்டிவிட்டு வந்தவன். அங்கே பந்தயங்களில் பட்ட அடியை விட, கிளம்பும் முன் அலுவலகம் அலுவலகமாக அலைந்ததுதான் என்னை அதிகம் சோர வைத்தது. அடுத்துப் போகிறவர்களுக்கு அந்த அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

மாநில, தேசிய அளவில் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ரோடு பைக் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது என்றால் இன்னும் ஒரு வருடம் இங்கேயே ஓட்டுங்கள். விடிகாலையில் ஈசிஆரில் வேகமாகப் போகும் கூட்டத்தோடு கடைசிவரை ஒட்டிக்கொள்ள முடியாதவருக்கு அங்கே முதல் பத்து நிமிடமே தாங்காது.

1. எந்தப் படிக்கு ஆசைப்படுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆண்கள் பிரிவில் உச்சியில் இருப்பவை வேர்ல்ட் டீம்கள், மொத்தம் 18. அடுத்தது புரோ டீம்கள். அதற்குக் கீழே கான்டினென்டல் அணிகள், அதற்கும் கீழே கிளப்புகள். மேல் இரண்டு படிகளுக்கும் சர்வதேச சைக்கிள் சங்கமான யூசிஐ குறைந்தபட்சச் சம்பளம் நிர்ணயித்திருக்கிறது. வேர்ல்ட் டீமில் அது வருடத்துக்கு 40,000 யூரோவுக்கு மேல். பெண்களின் வேர்ல்ட் டீம்களுக்கும் 2020 முதல் இப்படி ஒரு வரம்பு உண்டு. கான்டினென்டல் அணிக்கு யூசிஐ எந்தத் தொகையும் வைக்கவில்லை. "கான்டினென்டல் டீமில் எடுத்துவிட்டார்கள்" என்று தெருவுக்கே ஸ்வீட் கொடுக்கும் முன், சம்பளம் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சைக்கிளும் ஜெர்சியும் பந்தயத்துக்குப் போய்வரும் செலவும் மட்டும் தரும் அணிகள் ஏராளம்.

வயதுப் பிரிவு பிறந்த நாளை வைத்து அல்ல, பிறந்த வருடத்தை வைத்து. 17, 18 ஜூனியர். 19 முதல் 22 வரை 23 வயதுக்குட்பட்டோர். அதற்கு மேல் எலீட். 2008இல் பிறந்தவர் 2026 முழுக்க ஜூனியர். டிசம்பர் 31 அன்று பிறந்திருந்தாலும் 2027 ஜனவரி 1 முதல் பெரியவர்களோடுதான் ஓட்ட வேண்டும்.

அணிகள் இப்போது ஜூனியரிலேயே ஆள் பிடிக்கின்றன. பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபோல் ஜூனியரிலிருந்து 2019இல் நேரே வேர்ல்ட் டூருக்கு, அதாவது வேர்ல்ட் டீம்கள் ஓட்டும் உச்சப் பந்தயத் தொடருக்குப் போனார். ஓட்டப்பந்தய வீரராக இருந்த கனடாவின் மைக்கேல் வுட்ஸ் வேர்ல்ட் டூர் அணியில் சேர்ந்தது 2016இல், 29 வயதில். இருபத்தைந்து தாண்டியவர்கள் எல்லோரும் வுட்ஸைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். அவரைப் பார்த்துத் தைரியம் கொள்ளுங்கள், திட்டம் போடாதீர்கள்.

இன்னொன்று. இந்தியாவில் சைக்கிள் ஓட்டி மாதச் சம்பளம் வாங்கும் வழி பெரும்பாலும் ரயில்வே அல்லது ராணுவத்தின் விளையாட்டு ஒதுக்கீடுதான். அது ஒன்றும் மட்டமான வழி இல்லை. வீட்டில் வருமானம் தேவைப்பட்டால் முதலில் அதைப் பிடியுங்கள். ஆனால் வேலையில் சேர்ந்தபின் வெளிநாட்டில் ஓட்ட, அலுவலகத்தின் என்ஓசியும் விடுப்பும் தனியாக வாங்க வேண்டும். விடுப்பு விண்ணப்பம் மேசை மேசையாக நகரும், அதற்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்கள்.

2. லைசென்ஸ்: புது வருடம் பிறந்ததும் முதல் வேலை

மாநில சைக்கிள் சங்கம் வழியாக இந்திய சைக்கிள் சம்மேளனத்தில் பதிவு செய்து லைசென்ஸ் வாங்க வேண்டும். உங்களுக்கு 11 இலக்க யூசிஐ ஐடி ஒன்று கிடைக்கும். அது வாழ்நாள் முழுவதும் ஒன்றே. லைசென்ஸ் அப்படி அல்ல, எப்போது வாங்கினாலும் டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதி. அக்டோபரில் வாங்கிவிட்டு "ஒரு வருடம் இருக்கே" என்று நினைத்துவிட வேண்டாம்.

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். ஆதாரில் "முருகன் ரா", பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராக, லைசென்ஸில் "ஆர். முருகன்". நமக்கு மூன்றும் ஒருவர்தான். விசா அலுவலகத்துக்கு அவர்கள் மூன்று பேர். லைசென்ஸ் விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுத்து பிசகாமல் நிரப்புங்கள். அச்சாகி வந்தபின் திருத்துவது, புதிதாக வாங்குவதைவிட அதிக நாள் இழுக்கும்.

3. சம்மேளனத்தின் அனுமதிக் கடிதம்

லைசென்ஸ் இருந்தால் எந்த நாட்டிலும் ஓட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள். யூசிஐயில் பதிவான அணியில் இல்லாதவர், தன் நாட்டுச் சம்மேளனத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் ரோடு ரேஸ் ஓட்டக்கூடாது. கடிதத்தில் எந்த நாடு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருக்க வேண்டும்.

தேதியைத் தாராளமாகக் கேளுங்கள். விசா பத்து நாள் தாமதமானால் கடிதத்தின் காலமும் பத்து நாள் கரைந்துவிடும். பக்கத்து நாடான நெதர்லாந்து, பிரான்ஸ் பெயர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஃபிளாண்டர்ஸிலிருந்து எல்லை தாண்டி ஓட்டப் போவது சர்வசாதாரணம். நான்கைந்து பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பந்தயப் பதிவு மேசையில் இருக்கும் பெரியவர் உங்கள் ஃபோன் திரையை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார், காகிதம் எங்கே என்று.

4. விசா

ஷெங்கன் (ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்கும் பொதுவான) குறுகிய கால விசாதான் எடுக்க வேண்டும். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் அங்கே இருக்கக்கூடாது. "மூன்று மாதம் இருந்துவிட்டு, ஒரு வாரம் லண்டன் போய் வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும்" என்பது காலங்காலமாகச் சுற்றும் கட்டுக்கதை. 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையோடு வருகையும் புறப்பாடும் கணினியில் ஏறத் தொடங்கியிருக்கிறது. ஒரு நாள் கூடினாலும் தெரிந்துவிடும், அடுத்த விசாவில் அது பேசும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, கூடவே விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். வழக்கமாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள்வரை இழுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊரே ஐரோப்பா சுற்றுலா கிளம்பும், மையத்தில் நேரம் கிடைப்பதே பாடு. மே மாதம் ஓட்ட வேண்டுமானால் பிப்ரவரியில் காகிதம் உள்ளே போயிருக்க வேண்டும்.

கோப்பில் வைக்க வேண்டியவை: பாஸ்போர்ட், லைசென்ஸ் நகல், சம்மேளனக் கடிதம், அங்கே உங்களை அழைக்கும் கிளப் அல்லது வீட்டுக்காரரின் கடிதம், ஓட்ட நினைக்கும் பந்தயங்களின் தேதிப் பட்டியல், வங்கிக் கணக்கு விவரம், பெற்றோர் செலவு செய்தால் அவர்களின் வருமான வரிக் கணக்கு, கல்லூரியில் படித்தால் விடுப்புக் கடிதம். நான் விண்ணப்பித்தபோது, யாராவது வீட்டில் தங்கினால் நாளுக்கு 45 யூரோ, ஓட்டலில் தங்கினால் நாளுக்கு 95 யூரோ கையில் இருப்பதாகக் காட்ட வேண்டியிருந்தது. 90 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள், வீட்டு முகவரி ஏன் முக்கியம் என்று புரியும். பெல்ஜியத்தில் வசிக்கும் ஒருவர் உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்பதாக 'இணைப்பு 3 பிஸ்' என்ற படிவத்தில் கையெழுத்திட்டுத் தந்தால் இந்தச் சுமை குறையும். அதை அவர் தன் நகராட்சியில் முத்திரை போட்டு வாங்க வேண்டும். அங்கே அலுவலகங்கள் ஆற அமரத்தான் நடக்கும், அதற்கும் சேர்த்து நாள் விடுங்கள்.

கணக்கில் திடீரென்று நான்கு லட்சம் வந்து விழுந்திருந்தால் சந்தேகப்படுவார்கள். மாமா போட்ட பணம் என்றால் மாமாவின் கடிதமும் அவருடைய கணக்கு விவரமும் வையுங்கள்.

நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று போட்டுவிட்டு சைக்கிள் பெட்டியோடு பிரசல்ஸில் இறங்க வேண்டாம். விளையாட்டு என்று தனியாகவே ஒரு வகை இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள்.

5. இன்சூரன்ஸ்: பாலிசிப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள்

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஏஜென்ட் ஒரு சாதாரண டிராவல் பாலிசியைப் போட்டுத் தருவார், விசாவும் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பாலிசிகளில் பெரும்பாலானவை போட்டி விளையாட்டில் படும் காயத்தை விலக்கி வைத்திருக்கும். காலர் எலும்பு உடைவது இந்த விளையாட்டில் தினசரிச் செய்தி. 'போட்டிகளில் பங்கேற்பது உட்பட' என்று எழுத்தில் தரும் பாலிசியாகத் தேடுங்கள், கூடுதல் பிரீமியம் கட்டலாம். உங்கள் லைசென்ஸோடு ஏதாவது காப்பீடு வருகிறதா, அது வெளிநாட்டில் செல்லுமா என்பதையும் சம்மேளனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

6. சைக்கிளை ஏற்றி இறக்குவது

விமான நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு. சிலர் சைக்கிள் பெட்டியை உங்கள் எடை அளவுக்குள் சேர்த்துக்கொள்வார்கள், சிலர் தனிக் கட்டணம் வாங்குவார்கள். டிக்கெட் மலிவு என்று வாங்கிவிட்டு, சைக்கிளுக்கு அதே அளவு கட்டியவர்களை எனக்குத் தெரியும். எலக்ட்ரானிக் கியரின் உதிரி பேட்டரி கையில் வைத்திருக்கும் பையில்தான் போக வேண்டும். கார்பன் டை ஆக்சைடு குப்பிகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அங்கே வாங்கலாம்.

கிளம்பும் அன்று விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் சைக்கிளைக் காட்டி, ஃபிரேம் எண்ணோடு ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இது இல்லாமல் திரும்பி வந்தால் வெளிநாட்டில் வாங்கிய புது சைக்கிள் என்று வரி கேட்க வாய்ப்பு உண்டு. பெட்டியை ஒட்டி மூடுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாகப் போனால் போதாது, நான்கு மணி நேரம் வையுங்கள்.

யூசிஐ விதிப்படி சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழே இருக்கக்கூடாது. நம் கையில் இருக்கும் சைக்கிள்களுக்கு அந்தக் கவலை வராது.

7. பணம்

யூரோவை 100 ரூபாய் என்று வைத்து, 90 நாளுக்கு நான் போடும் தோராயக் கணக்கு: விமானம் 70,000 முதல் 90,000 ரூபாய், ஓடென்னார்ட், கெண்ட் சுற்று வட்டாரத்தில் மற்ற வீரர்களோடு பகிர்ந்து தங்கும் அறை மாதம் 400 முதல் 600 யூரோ, சமைத்துச் சாப்பிட்டால் மாதம் 250 யூரோ, டயர், செயின், பிரேக் பேட், ரயில், பந்தயக் கட்டணம் எல்லாம் சேர்த்து இன்னும் மாதம் 150 யூரோ. விசா, காப்பீடு தனி. நான்கு லட்சம் இருந்தால் மூச்சு விடலாம். மூன்றரைக்குள் முடிக்க வேண்டுமானால் ஒரு முறை கூடக் கீழே விழக்கூடாது, அது உங்கள் கையில் இல்லை.

பரிசுப் பணத்தை நம்பி பட்ஜெட் போடாதீர்கள்.

8. பந்தய நாள்

நீங்கள் ஓட்டப்போவது கெர்மெஸ். ஊர்த் திருவிழாவை ஒட்டி ஊருக்குள்ளேயே சுற்றுப் பாதையில் நடக்கும் பந்தயம். கோடையில் வாரத்தின் பெரும்பாலான நாட்கள் எங்காவது ஒன்று நடக்கும். கான்ட்ராக்ட் இல்லாத எலீட் வீரர்களும் 23 வயதுக்குட்பட்டவர்களும் ஓட்டும் வகைக்கு அட்டவணையில் 1.12பி என்று போட்டிருக்கும். சைக்கிளிங் ஃபிளாண்டர்ஸ் அமைப்பின் அட்டவணையில் தேதி, ஊர், பதிவு நேரம் எல்லாம் உண்டு. யூசிஐ தரத்தில் உள்ள 1.2, 2.2 பந்தயங்களுக்குத் தனி ஆளாகப் பெயர் கொடுக்க முடியாது, அணி வழியாகத்தான். இது தெரியாமல் அமைப்பாளர்களுக்கு மின்னஞ்சல் போட்டுக் காத்திருந்து வாரங்களை வீணாக்குகிறவர்கள் உண்டு.

பதிவு நடப்பது பெரும்பாலும் சர்ச்சுக்கு எதிரே உள்ள கஃபேயிலோ ஊர் மண்டபத்திலோ. ஒரு நீள மேசை, இரண்டு மூன்று பெரியவர்கள், ஒரு பேரேடு, பின்னால் பீர் ஊற்றும் சத்தம். லைசென்ஸையும் அனுமதிக் கடிதத்தையும் காட்டி, சில யூரோ கட்டணமும் எண்ணுக்கு முன்பணமும் கொடுத்தால் துணி எண் தருவார்கள். ஊக்கு தர மாட்டார்கள், நீங்களே கொண்டுபோக வேண்டும். சில்லறையாக யூரோ வைத்திருங்கள். உடை மாற்ற இடம் தேடினால் யார் வீட்டுக் கார் கொட்டகையையாவது கை காட்டுவார்கள். தயங்காமல் போங்கள், அங்கே அதுதான் வழக்கம்.

பந்தயம் 110, 120 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 42 முதல் 45. இந்த எண்ணைப் பார்த்து, "நான் தனியாகவே 40 போவேனே" என்று நினைக்கிறவர்களுக்குத்தான் அதிக அடி. சராசரி ஏமாற்றும். ஒவ்வொரு திருப்பத்திலும் 25க்கு இறங்கி 55க்கு ஏற வேண்டும், ஒரு சுற்றில் எட்டுப் பத்துத் திருப்பம், பதினைந்து சுற்று. பின்னால் இருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் ரப்பரை இழுத்து விட்டது போல அடி விழும். அதனால் முதல் முப்பது பேருக்குள் இருங்கள். தொடக்கக் கோட்டில் முன்வரிசையில் நிற்க இருபது நிமிடம் முன்பே போய் நில்லுங்கள். அந்த இருபது நிமிடம், மூன்று மாதப் பயிற்சியை விடப் பயன் தரும் என்று சொன்னால் கோச்சுகள் சண்டைக்கு வருவார்கள், நான் அப்படித்தான் சொல்வேன்.

நம் நெடுஞ்சாலைகளில் பழகியவர்களுக்குத் திருப்பமும் பக்கக் காற்றும்தான் எதிரி. கிளம்பும் முன் மூன்று மாதம் வாரத்துக்கு இரு முறை, வண்டி வராத லேஅவுட் தெருக்களில் நான்கைந்து பேராகத் திருப்பம் பழகுங்கள். ஏற்காடும் கொல்லிமலையும் நெஞ்சை வளர்க்கும், ஆனால் ஃபிளாண்டர்ஸில் அந்த மாதிரி மலை இல்லை.

முதல் சில பந்தயங்களில் பாதியிலேயே கழற்றிவிடப்படுவீர்கள். தலைவர்களிடமிருந்து அதிகம் பின்தங்கினால் நடுவர் கை காட்டி இறக்கிவிடுவார். வாக்குவாதம் வேண்டாம். எண்ணை அதே மேசையில் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கிக்கொண்டு, மீதிப் பந்தயத்தைத் திருப்பத்தில் நின்று பாருங்கள்: யார் எங்கே பிரேக் பிடிக்கிறார், எங்கே பிடிக்கவில்லை என்று. முதல் இருபது, முப்பது பேருக்குள் முடித்தவர்களுக்கு அன்று மாலையே கஃபேயில் பணம் எண்ணித் தருவார்கள்.

9. மருந்து விஷயம்

ஊக்கமருந்துச் சோதனை கெர்மெஸிலும் வரும். இருமல், சளி மருந்துகளில் தடைப் பட்டியலில் உள்ள எஃபெட்ரின் வகை ஊக்கி இருக்கலாம். டிராமடால் வலி மாத்திரை 2024 ஜனவரி முதல் போட்டிகளில் உலக அளவில் தடை. ஜிம்மில் விற்கும் பவுடர், என்ன இருக்கிறது என்று எழுதாத லேகியம், சூரணம் எதுவும் பையில் வேண்டாம். "அம்மா கொடுத்து விட்டது" என்பது விசாரணையில் எடுபடாது. ஆஸ்துமா போன்ற நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், மருத்துவ விலக்கு வேண்டுமா என்று தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் கிளம்பும் முன்பே கேளுங்கள். தடைப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் மாறும்.

10. அணிகளுக்கு எழுதுவதும் கான்ட்ராக்டும்

சுவிட்சர்லாந்தின் ஏகிள் ஊரில் யூசிஐயின் உலக சைக்கிள் மையம் இருக்கிறது. 2024 டூர் டி பிரான்ஸில் மூன்று கட்டங்கள் வென்று பச்சை ஜெர்சி எடுத்த எரித்ரியாவின் பினியம் கிர்மாய் அங்கே பயிற்சி பெற்றவர். அதற்குச் சம்மேளனம்தான் பரிந்துரைக்க வேண்டும். உங்களுக்கு 17, 18 வயது என்றால் பெல்ஜியச் செலவுக்கு முன் இந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள்.

மற்றவர்கள் அணி மேலாளர்களுக்கு எழுத ஏற்ற காலம் ஜூலை, ஆகஸ்ட். அடுத்த வருட இடமாற்றங்களுக்கான காலம் ஆகஸ்ட் 1 அன்று தொடங்குகிறது. அக்டோபரில் எழுதினால் இடம் இருக்காது. மின்னஞ்சல் பத்து வரிக்குள்: பிறந்த வருடம், உயரம், எடை, முக்கியமான ஐந்து முடிவுகள் (எத்தனை பேர் ஓட்டினார்கள் என்பதோடு), 5 நிமிடம், 20 நிமிடம் எடுத்த வாட்ஸ் (மிதிக்கும் சக்தியின் அளவு), பயிற்சிக் கோப்புகளுக்கான இணைப்பு. "சிறு வயதிலிருந்தே சைக்கிள் என் உயிர்" என்ற பத்தியை வெட்டிவிடுங்கள். மாவட்ட அளவில் முதலிடம் வந்ததை விட, கெர்மெஸில் 130 பேரில் 24ஆவதாக வந்தது அவர்களுக்கு அதிகம் சொல்லும்.

கான்ட்ராக்ட் வந்தால் பார்க்க வேண்டியவை. "ஸ்பான்சர் கொண்டு வா, இடம் தருகிறோம்" என்றால் அது வேலை அல்ல, நீங்கள் வாங்கும் இடம்; அந்தப் பணத்தில் இன்னும் ஒரு சீசன் சொந்தமாக ஓட்டலாம். மேல் இரண்டு படி அணிகளில் யூசிஐயின் மாதிரி ஒப்பந்தம் கட்டாயம், முதல் முறை சேரும் இளம் வீரருக்கு ஒப்பந்தம் குறைந்தது இரண்டு சீசன் இருக்க வேண்டும், அணி வங்கி உத்தரவாதமும் கட்டியிருக்கும். கான்டினென்டல் அணியில் இவற்றை நீங்களே கேட்டு எழுதி வாங்க வேண்டும்: தங்குமிடம் யார் செலவு, காயம்பட்டால் என்ன, சைக்கிளைச் சீசன் முடிவில் திருப்பித் தர வேண்டுமா. ஊழியரா, சுயதொழில் செய்பவரா என்பதையும் பாருங்கள். சுயதொழில் என்றால் வரியும் சமூகக் காப்பீடும் உங்கள் தலையில். வேர்ல்ட் டீம்களில் சுயதொழில் வீரருக்கான குறைந்தபட்சத் தொகை, ஊழியருக்கானதைப் போல 1.64 மடங்கு இருக்க வேண்டும் என்று யூசிஐ வைத்திருப்பது இதனால்தான். எண்ணைப் பார்த்து மயங்காமல் கழிவு போக எவ்வளவு என்று கேளுங்கள்.

சம்பளம் வாங்கி ஓட்டுவதற்குக் குறுகிய கால விசா செல்லாது. பெல்ஜியத்தில் வேலையும் வசிப்பும் சேர்ந்த அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியது அணிதான், நீங்கள் அல்ல. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இதற்கிடையில் டிசம்பரிலோ ஜனவரியிலோ ஸ்பெயினில் பயிற்சி முகாமுக்கு வா என்பார்கள். அது ஷெங்கன் நாள் கணக்கில் சேரும். கையெழுத்துப் போடும்போதே உங்கள் 90 நாளில் எத்தனை மிச்சம் என்று எண்ணி, மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.